ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகும் என்றால் சைபீரியாவில் மட்டும் எப்படிப் பிழைக்கிறது?

#1 – மீன்குழம்பு_பிரியன்

ஞாயிற்றுக்கிழமை வாங்கிய வஞ்சிரத்தில் பாதியைக் கழுவி, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். "மைனஸ்ல வெச்சா கிருமி எல்லாம் செத்துடும்டா, ஒரு மாசம் கழிச்சு எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் அம்மா. அன்று ராத்திரி தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு கட்டுரை கண்ணில் பட்டது: சைபீரியாவில் ஐந்து லட்சம் வருடமாக உறைந்து கிடக்கும் மண்ணிலிருந்து பாக்டீரியாவை எடுத்து வளர்த்திருக்கிறார்களாம்.

எனக்கு இரண்டு சந்தேகம். ஐந்து லட்சம் வருடம் சாகாதது என் ஃப்ரீசரில் ஒரு மாதத்தில் சாகுமா? அப்புறம், தண்ணீரே கல்லாகிப் போகும் குளிரில் அதற்கு உயிர் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது? கம்பளி போர்த்திக்கொள்ளவா முடியும்?

#2 – லேப்_ராணி

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், தினமும் செய்கிற வேலை. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். பாக்டீரியாவைக் கொல்ல வேண்டும் என்றால் ஆட்டோகிளேவில் (பெரிய பிரஷர் குக்கர் மாதிரி) வேகவைப்போம். பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றால்தான் ஃப்ரீசர்!

ராத்திரி முழுக்க வளர்த்த கல்ச்சரோடு கிளிசரால் கலந்து, சுண்டுவிரல் அளவு குப்பியில் ஊற்றி மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுவோம். தேவைப்படும்போது குப்பியை எடுத்து, உருக விடாமல், லூப்பால் மேலாக ஒரு சுரண்டு சுரண்டி, அந்தத் துளி ஐஸைத் தட்டில் இழுத்துவிட்டுக் குப்பியைத் திரும்ப உள்ளே தள்ளிவிட வேண்டும். 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்தால் காலையில் தட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் காலனி. எங்கள் பெட்டியில் 2009 என்று எழுதிய குப்பிகள் இன்னும் இருக்கின்றன. எழுதி வைத்த மேடம் ரிட்டயர் ஆகிவிட்டார், பாக்டீரியா ஆகவில்லை.

ஆக, உங்கள் ஃப்ரீசர் கிருமியைக் கொல்வதில்லை, வளர விடாமல் நிறுத்தி வைக்கிறது. உறையும்போது ஒரு பங்கு சாகும், மிச்சம் காத்திருக்கும். ஆனால் அம்மா சொன்னது முழுத் தப்பும் இல்லை. மீனில் இருக்கும் ஒட்டுண்ணிப் புழுக்கள் மைனஸ் 20-ல் ஒரு வாரம் இருந்தால் செத்துவிடும்.

#3 – இயற்பியல்_வாத்தியார்

இரண்டாவது கேள்விக்கு என் பங்கு. கொல்வது குளிர் அல்ல, ஐஸ். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

தண்ணீர் உறையும்போது உப்பைத் தன் படிகத்துக்குள் சேர்த்துக்கொள்ளாது, வெளியே தள்ளிவிடும். பாக்டீரியாவுக்கு வெளியே இருக்கும் தண்ணீர்தான் முதலில் உறையும். தள்ளப்பட்ட உப்பெல்லாம் உறையாமல் மிஞ்சிய கொஞ்சம் தண்ணீரில் சேர்ந்து, அது கெட்டியான உப்புக்கரைசலாகிவிடும். அந்தக் கரைசல் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். மாவடுவை உப்பில் போட்டால் மறுநாள் சுருங்கிப்போய்த் தண்ணீர் விட்டிருக்குமே, அதேதான். செல் சுருங்குகிறது, ஆனால் உள்ளே தண்ணீர் குறைந்து சரக்கு அடர்த்தியாவதால் ஐஸ் பிடிப்பதில்லை. செல்லின் அளவும் ஒரு மைக்ரான்தான். அவ்வளவு சின்ன இடத்தில் ஐஸின் முதல் வித்து விழுவதே அபூர்வம்.

சடாரென்று உறைய வைத்தால் நீர் வெளியேற நேரம் கிடைக்காது. உள்ளேயே படிகம் உருவாகி, சவ்வைக் கிழித்துவிடும். லேப்_ராணி கிளிசரால் சேர்ப்பது அதைத் தடுக்கத்தான்.

குல்ஃபி வண்டிக்காரர் ஐஸில் கல் உப்பை அள்ளிப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரைகூடக் கொஞ்சம் நீர் திரவமாகவே இருக்கும். துருவக் கடல் ஐஸுக்குள் இயற்கையே இந்த வேலையைச் செய்கிறது. கடல்நீர் மைனஸ் 1.8-ல் உறைய ஆரம்பிக்கும். மைனஸ் 10-ல் அந்த ஐஸைக் கண்ணாடி மாதிரி இழைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால்கள் தெரியும். அதில் ஓடுவது கடலைப்போல் நாலு மடங்கு உப்புக் கரிக்கும் நீர். பாக்டீரியா குடியிருப்பது அந்த வாய்க்காலில். நீங்கள் ஐஸ் கட்டி என்று நினைப்பது அதற்கு வீட்டுச் சுவர் மட்டும்தான்.

#4 – சந்தேகப்பேர்வழி

விளக்கம் நல்லா இருக்கு சார். ஆனால் #1-ல் சொன்ன "ஐந்து லட்சம் வருடம்… எடுத்து வளர்த்திருக்கிறார்கள்" என்பதை அப்படியே விட்டுவிட முடியாது. உறைமண்ணில் துளை போடும் இயந்திரத்தின் பல்லில் இருக்கும் கிருமி, துளைக்குள் ஊற்றும் திரவத்தில் இருக்கும் கிருமி, கையுறையில் இருப்பது எல்லாம் உள்ளே போகும். அண்டார்டிகாவின் வோஸ்டாக் ஏரியைத் தொட ரஷ்யர்கள் 3,769 மீட்டர் துளைத்தார்கள், 2012 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார்கள். துளை மூடாமல் இருக்க உள்ளே ஊற்றியது மண்ணெண்ணெய் வகைத் திரவம். மேலே வந்த நீரில் கண்டது ஏரியின் உயிரா, எண்ணெயோடு போன உயிரா என்று இழுபறி. ஆதாரம் எங்கே என்று முதலில் கேளுங்கள்.

#5 – பனிப்பாறை

ஆதாரம் கேட்பவரைப் பிடிக்கும் எனக்கு. துளைப்பதில் பாடம் கற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 2013 ஜனவரியில் மேற்கு அண்டார்டிகாவின் வில்லன்ஸ் ஏரிக்கு அமெரிக்கக் குழு சுடுதண்ணீர் பீய்ச்சியே 800 மீட்டர் துளை போட்டது. அந்தத் தண்ணீரை வடிகட்டி, புற ஊதா ஒளியில் காட்டி, சுத்தப்படுத்திய பிறகே உள்ளே விட்டார்கள். அப்படியும் கிடைத்தது ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 1,30,000 செல்கள். சூரிய வெளிச்சமே எட்டாத இடம்.

சரி, எவ்வளவு குளிரில் "வளர்கிறது" என்பதற்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஆள்கள் இவர்கள்:

சைக்ரோபாக்டர் ஆர்க்டிகஸ். சைபீரியாவின் கோலிமா பகுதி உறைமண், இருபதாயிரம் முதல் நாற்பதாயிரம் வருடப் பழசு. ஆய்வகத்தில் மைனஸ் 10-லும் பெருகியது.

பிளானோகாக்கஸ் ஹாலோக்ரையோஃபிலஸ். கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவு. மெக்கில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2013-ல் வெளியிட்டார்கள். 18 சதவீத உப்பில் மைனஸ் 15 டிகிரியில் இரண்டாகப் பிரிந்து பெருகுகிறது. மைனஸ் 25-லும் மூச்சு இருக்கிறது, அதாவது கார்பன் டை ஆக்சைடு விடுகிறது. மீன்குழம்பு கம்பளி பற்றிக் கேட்டார் அல்லவா? இவர் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறார். மைனஸ் 15-க்குப் போனதும் செல்லைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்துள்ள ஒரு முண்டு முண்டான ஓடு கட்டிக்கொள்கிறது.

அப்புறம் அண்டார்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்கில் வீடா ஏரி. ஐஸுக்கு அடியில் மைனஸ் 13 டிகிரியில் உறையாத உப்புக் குழம்பு, கடலைப்போல் ஆறு மடங்கு உப்பு. சுமார் 2,800 வருடமாக வெளி உலகத் தொடர்பே இல்லை. 2012-ல் சொன்னார்கள், அதிலும் பாக்டீரியா கும்பல் கும்பலாக இருக்கிறது. உப்பு இல்லாமல் இந்தக் கதை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

#6 – மீன்குழம்பு_பிரியன்

தண்ணீர் கிடைக்கிறது, புரிகிறது. ஆனால் அந்தக் குளிரில் உள்ளே இருக்கும் சாமான் எல்லாம் விறைத்துப் போகாதா? எனக்கு மூணாறில் விரலே மடங்கவில்லை.

#7 – லேப்_ராணி

விறைக்கத்தான் செய்யும். சாதாரணமாக வெப்பம் 10 டிகிரி குறைந்தால் செல்லுக்குள் நடக்கும் வேதிவினை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ விழுந்துவிடும். 37-லிருந்து பூஜ்யத்துக்கு வருவதற்குள் வேலை எவ்வளவு மந்தமாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் தலைவலி சவ்வு. செல்லைச் சுற்றி இருப்பது கொழுப்புப் படலம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டாது, பக்கத்தில் நல்லெண்ணெய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தேங்காய் எண்ணெயில் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு, அதன் வால்கள் நேர்குச்சிகள், விறகுக்கட்டு மாதிரி நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயில் பெரும்பாலும் நிறைவுறாதது, வால் நடுவில் வளைந்திருக்கும், முள்விறகைக் கட்டுவதுபோல் நெருங்கி உட்காராது. குளிர்ப்பிரதேச பாக்டீரியா தன் சவ்வை நல்லெண்ணெய்ப் பக்கம் தள்ளி வைத்துக்கொள்கிறது. சில இனங்களில் டீசாச்சுரேஸ் என்ற என்சைம், ஏற்கெனவே இருக்கும் நேர்குச்சியையே அந்த இடத்தில் வைத்து வளைத்துவிடும். புதுசாகக் கொழுப்பு செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது, என்சைம்கள். சூட்டில் வேலை செய்யும் என்சைம் கெட்டியாகக் கட்டிய மூட்டை. குளிரில் அது அசையாது. குளிர் இனங்களின் என்சைம்களில் இறுக்கிப் பிடிக்கும் முடிச்சுகள் குறைவு, தளர்வாக இருக்கும். அதனால் குளிரிலேயே வேலை செய்யும். அதற்கு விலையும் உண்டு, லேசாகச் சூடு பட்டாலே குலைந்துவிடும். எங்களுக்கு அதுதான் வசதி. அண்டார்டிக் பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஒரு பாஸ்பட்டேஸை டிஎன்ஏ வேலைக்குப் பயன்படுத்துகிறோம். வேலை முடிந்ததும் 65 டிகிரியில் சில நிமிடம் வைத்தால் அது காலி. தனியாகக் கழுவி எடுக்கத் தேவையில்லை. குளிர்ந்த தண்ணீரிலேயே கறை போக்கும் சலவைத்தூளுக்கும் இந்த மாதிரி என்சைம்களைத் தேடுகிறார்கள்.

மூன்றாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. குளிரில், மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ இழை தன்மேலேயே மடங்கிச் சிக்குப் போட்டுக்கொள்ளும், புரதம் செய்யும் ரைபோசோம் அதைப் படிக்க முடியாமல் நின்றுவிடும். நம் குடலில் வாழும் இ. கோலையை 37-லிருந்து 10 டிகிரிக்குத் திடீரென்று மாற்றினால் மற்ற வேலையை எல்லாம் போட்டுவிட்டு சிஎஸ்பிஏ என்ற குட்டிப் புரதத்தைக் கொட்டு கொட்டென்று தயாரிக்கும். சிக்கெடுக்கிற சீப்பு அது. அந்தச் சீப்பின் அண்ணன் தம்பிகள் குளிர் இனங்களில் எப்போதும் தயாராக இருக்கும்.

#8 – டீக்கடை_பெஞ்ச்

படித்ததும் சமையலறைக்குப் போய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். நான் தூக்கிவிட்டேன்.

#9 – சந்தேகப்பேர்வழி

எல்லாம் சரி. ஆனால் உயிரோடு இருக்கிறது என்று நீங்கள் சொல்வது உண்மையில் தூக்கம்தானே? ஸ்போராக மாறிக் கல்லு மாதிரி கிடக்கிறது, உருகியதும் எழுந்துகொள்கிறது. 2016-ல் சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் ஆந்த்ராக்ஸ் வந்து இரண்டாயிரத்துக்கு மேல் கலைமான்கள் செத்தன, ஒரு சிறுவனும் இறந்தான். அந்தப் பகுதியில் அதற்கு முன் ஆந்த்ராக்ஸ் வந்தது 1941-ல். உறைந்திருந்த பழைய சடலம் வெயிலில் உருகி ஸ்போர் வெளியே வந்தது என்றுதான் சந்தேகித்தார்கள். தூங்குவது ஒரு திறமையா?

#10 – பனிப்பாறை

எழுபத்தைந்து வருடத்துக்கு ஸ்போர் போதும், ஒத்துக்கொள்கிறேன். லட்சம் வருடக் கணக்குக்கு வந்தால் தூங்கினவன் செத்தான்.

யோசித்துப் பாருங்கள். டிஎன்ஏ தானாகவே உடையும். மண்ணில் இருக்கும் பொட்டாசியம் கதிர்வீச்சு விட்டுக்கொண்டே இருக்கும், நீர் மூலக்கூறுகளும் மெல்ல மெல்ல அரிக்கும். குளிரில் இதெல்லாம் மெதுவாகுமே தவிர நிற்காது. தூங்குகிற ஸ்போருக்கு உடைசலைத் தைக்க ஆளில்லை. பூட்டிப் போட்ட வீடு மாதிரி. கறையான் மெதுவாக அரித்தாலும் கேட்க யாரும் இல்லை.

2007-ல் வந்த ஆய்வு இதைத்தான் பார்த்தது. சைபீரியா, கனடா, அண்டார்டிகா உறைமண், ஐந்து லட்சம் வருடம் வரை பழசு. உள்ளே யாராவது உயிரோடு இருந்தால் மூச்சு விட வேண்டும் அல்லவா? கார்பன் டை ஆக்சைடை அளந்தார்கள், வந்தது. முழுசாகத் தைத்து வைத்த நீளமான டிஎன்ஏ துண்டுகளையும் தேடினார்கள், கிடைத்தது. ரொம்பப் பழைய அடுக்குகளில் தாக்குப்பிடித்து இருந்தது ஸ்போர் போடும் இனம் இல்லை. ஸ்போரே போடாத ஆக்டினோபாக்டீரியா! விழித்துக்கொண்டு, மெதுவாக, ரிப்பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

சந்தேகப்பேர்வழிக்கு ஒரு புள்ளி. அந்த ஐந்து லட்சம் வருடச் செல்களைத் தட்டில் வளர்த்துக் காட்டவில்லை, மூச்சும் டிஎன்ஏவும்தான் ஆதாரம். "எடுத்து வளர்த்தார்கள்" என்று கட்டுரை எழுதியவர் கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கிறார். வளர்த்துக் காட்டியதற்கு அலாஸ்கா சுரங்கத்திலிருந்து எடுத்த 32,000 வருடத்து கார்னோபாக்டீரியம் இருக்கிறது, 2005-ல் பெயர் சூட்டினார்கள்.

#11 – இயற்பியல்_வாத்தியார்

அந்த ரிப்பேருக்குச் செலவு எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. பியூஃபோர்ட் பிரைஸ், டாட் சோவர்ஸ் இருவரும் 2004-ல் வெவ்வேறு குளிரில் எடுத்த அளவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பெருகி வளர்வதற்கு ஆகும் செலவு பத்து லட்சம் ரூபாய் என்று வையுங்கள். வளராமல் சும்மா நடமாட்டத்தோடு இருக்க ஆயிரம் ரூபாய். உடைந்ததை மட்டும் தைத்துக்கொண்டு கிடக்க ஒரே ஒரு ரூபாய்! ஐஸ் படிகங்கள் மூன்று சேரும் முனையில் நூல் மாதிரி ஒரு நீர்க்கோடு இருக்கும். அதில் கரைந்திருக்கும் துளி உணவு அந்த ஒரு ரூபாய்க்குத் தாராளம்.

#12 – லேப்_ராணி

ரிப்பேர் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், நம் பக்கத்து வேலை. அண்டார்டிகாவின் ஷிர்மாகர் பகுதியில் இந்தியாவின் மைத்ரி நிலையம் இருக்கிறது. அந்தப் பகுதி மண்ணிலிருந்து ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தார் பல குளிர் பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்தார்கள். அதில் ஒரு சூடோமோனாஸில் டிஎன்ஏ உடைசலைச் சரிசெய்யும் ரெக்பிசிடி என்ற என்சைமை நீக்கிப் பார்த்தார்கள். 22 டிகிரியில் வைத்தால் பெரிதாகக் குறை இல்லை. 4 டிகிரிக்கு மாற்றினால் வளர மாட்டேன் என்கிறது, செத்தும் போகிறது. அதாவது குளிரில் பெருகும்போதே டிஎன்ஏ அடிக்கடி உடைகிறது. தையல்காரர் இல்லாவிட்டால் கடையைத் திறக்கவே முடியாது. எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த சோதனை இதுதான், சவ்வு கதையைவிட.

கூடவே ஆக்சிஜன் தொல்லை வேறு. பூஜ்ய டிகிரி நீரில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும், நம்மூர் 30 டிகிரிக் குளத்தில் ஏழரைதான். ஆக்சிஜன் கூடினால் துருப்பிடிக்கிற மாதிரி சேதமும் கூடும்.

#13 – பனிப்பாறை

ஐஸை எதிர்க்கிறவர்களைப் பற்றியே பேசுகிறோம். ஐஸைக் கட்டிப்பிடிக்கிற ஒருவர் இருக்கிறார். அண்டார்டிகாவின் ஏஸ் ஏரியில் கிடைத்த மாரினோமோனாஸ் பிரைமோரியென்சிஸ். இது தன் உடலிலிருந்து நீளமான ஒரு புரதக் கயிறு விடுகிறது. கயிற்றின் நுனியில் ஐஸைப் பிடிக்கும் கொக்கி. ஏரியை மூடிய ஐஸின் அடிப்பக்கத்தில் வௌவால் மாதிரி தொங்கிக்கொள்ளும். எதற்கு? வெளிச்சமும் ஆக்சிஜனும் அங்கேதான், பாசி வளர்வதும் அங்கேதான். சாப்பாடு இருக்கும் இடத்தில் பந்திக்கு முந்திக்கொண்டு இடம் பிடித்து வைப்பது.

இன்னொருவர் நேர்மாறு. செடிகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே. ஐஸை வரவழைப்பதே அதன் தொழில். தன் மேல்தோலில் இருக்கும் புரதத்தால் மைனஸ் 2 டிகிரியிலேயே தண்ணீரைப் படிகமாக்கி, இலையைக் கிழித்து உள்ளே இருக்கும் சாற்றைச் சாப்பிடும். அந்த மரபணுவை நீக்கிய வகையை 1987-ல் கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெரி வயலில் தெளித்துச் சோதித்தார்கள். மரபணு மாற்றிய உயிரை அனுமதியோடு திறந்த வெளியில் விட்டது அதுதான் முதல் தடவை.

#14 – டீக்கடை_பெஞ்ச்

அப்போ செவ்வாயில், வியாழனின் நிலா யூரோப்பாவில் எல்லாம் கண்டிப்பாக இருக்கும்தானே?

#15 – சந்தேகப்பேர்வழி

வந்துட்டாரய்யா.

#16 – இயற்பியல்_வாத்தியார்

"கண்டிப்பாக" வேண்டாம். எல்லை ஒன்று உண்டு. நீர் வெளியேறிக்கொண்டே போனால் செல்லின் உட்சரக்கு கடைசியில் கண்ணாடி ஆகிவிடும். படிகம் இல்லை, கல்கண்டுக்கும் கண்ணாடி மிட்டாய்க்கும் உள்ள வித்தியாசம். கண்ணாடிக்குள் எதுவும் நகராது. 2013-ல் வந்த ஓர் ஆய்வு, தனிச்செல் உயிர்களில் இது மைனஸ் 10-க்கும் மைனஸ் 26-க்கும் நடுவில் நடக்கிறது என்று காட்டியது. அதற்கும் கீழே போனால் சாகாமல் இருக்கலாம், லேப்_ராணியின் மைனஸ் 80 குப்பி அப்படித்தான். ஆனால் வளர்ச்சியும் கிடையாது, ரிப்பேரும் கிடையாது. செவ்வாயில் சராசரி சுமார் மைனஸ் 60. அதற்கு மேல் நான் பேசவில்லை.

#17 – மீன்குழம்பு_பிரியன்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் முழுசாகச் சொன்னேன். இரண்டு எண்ணெயையும் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துக் காட்டினேன். தேங்காய் எண்ணெயை ஸ்பூனால் தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம், நல்லெண்ணெய் ஓடியது. அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "அப்போ கீழ்த்தட்டுல வெச்சிருக்கறதுல நல்லெண்ணெய்க் கிருமி இருந்தா என்னடா பண்ணுவ?"

#18 – லேப்_ராணி

அம்மாவை எங்கள் லேபுக்கு அனுப்புங்கள்! சரியான கேள்வி. லிஸ்டீரியா என்று ஒன்று இருக்கிறது, 4 டிகிரியில் நிதானமாகப் பெருகும், பூஜ்யத்தை ஒட்டியும் விடாது. கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் ஆபத்து. ஆனால் நன்றாகக் கொதித்தால் செத்துவிடும். அதனால் மிச்சம் வைத்த சாப்பாட்டை வாரக்கணக்கில் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், எடுத்தால் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். உங்கள் வஞ்சிரத்தை மேடையில் வைத்து உருக்க வேண்டாம். முந்தின ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள், அடியில் ஒரு தட்டு வைத்து. உருகின மீனைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

#19 – மீன்குழம்பு_பிரியன்

டப்பாவை இப்போதுதான் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன். தட்டு வைக்க மறந்து, திரும்பப் போய் வைத்துவிட்டு வந்தேன். நாளைக்கு மதியம் குழம்பு.